பாலம் தாண்டாத விமர்சகர்

வீடியோ கேம் ஆடுகிறவர்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் அப்பாவிகள். பட்டனை அமுக்குவார்கள், ஜெயிப்பார்கள், தோற்பார்கள், சாப்பாடு ஆறுகிறது என்று உள்ளிருந்து குரல் வந்தால் எழுந்து போவார்கள். நான் சொல்லவந்தது அவர்களுக்குப் பக்கத்திலேயே, ஆனால் ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் வேறோர் இனத்தைப் பற்றி. வீடியோ கேம் விமர்சகர்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் கேட்டாவது இருப்பீர்கள், ஏனென்றால் இவர் பேச்சை நிறுத்துவதே இல்லை. புது ஆட்டம் வந்த பெட்டியைப் பிரிக்கும்போது அறுவை மருத்துவர்போல் கையைத் துடைத்துக்கொள்வார். அட்டையை முகர்ந்து பார்ப்பார். பெட்டியின் ஓரம் நசுங்கியிருந்தால் அரைநாள் துக்கம் அனுஷ்டிப்பார். பிறகு அதை நிறவிளக்கு பூட்டிய அலமாரியில், இன்னும் பிரிக்காத மற்ற பெட்டிகளுக்கு நடுவில் நிற்கவைத்து, நாலடி பின்னால் போய் நின்று ரசித்து, கேமராவை ஓடவிட்டு, 'எனக்குப் பிடித்த பத்து ஆட்டங்கள்' என்று ஆரம்பிப்பார். ஆடினாரா? அது வேறு கேள்வி.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். என் தங்கையின் கணவர். நான் 'மாப்பிள்ளை' என்பேன், அவர் 'மச்சான்' என்பார், ஊரில் மற்ற எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'எட்டரை' என்பார்கள். எந்த ஆட்டத்துக்கும் பத்துக்கு எட்டரைக்கு மேல் அவர் போட்டது கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பத்து போட்டுட்டா அப்புறம் எதை எதிர்பார்த்து மச்சான் வாழுறது?" என்றார்.

பிழைப்புக்கு அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை இருட்டு அறையில் உட்கார்ந்து, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்று வருகிறவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தபிறகு அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சொல்வதோடு சரி.

மதிப்பெண் போடும் கை ஆட்டத்தோடு நிற்குமா? பல் டாக்டரின் நாற்காலிக்கு ஏழு. எங்கள் வீட்டு மாடிப்படிக்கு ஆறே கால், 'திருப்பத்தில் தடுமாற்றம்'. என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர், துணியை விலக்கிக் குழந்தையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "முதல் முயற்சிக்கு நல்லாவே வந்திருக்கு" என்றார். என் மனைவி இன்றுவரை அதை மறக்கவில்லை.

அவரோடு ஒருமுறை கார்ப் பந்தய ஆட்டம் ஆடியிருக்கிறேன். ஒரே ஒருமுறை. நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன், வாழ்க்கையில் எதிலும் முன்னால் போகாதவன், திருப்பத்தில் வண்டியைச் சாய்த்து எடுக்கிறேன், சட்டென்று டிவி உறைந்துவிட்டது. அவர்தான் நிறுத்தியிருந்தார்.

"அந்த ரோட்டுல ஈரத்தைப் பாருங்க மச்சான். விளக்கு வெளிச்சம் அதுல எப்படி விழுது பாருங்க."

"பார்த்தாச்சு. விடுங்க."

"ஜெயிக்கிறதா முக்கியம்?"

இந்தக் கேள்வியை அவர் பின்தங்கியிருக்கும்போது மட்டும்தான் கேட்பார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

என் தங்கை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவள் என்பதால் பொறுமைக்குக் குறைவில்லை. அவர் கேமரா முன் உட்கார்ந்தால் இவள் மின்விசிறியை நிறுத்துவாள், குக்கரை இறக்குவாள், கதவைச் சாத்துவாள். இணையத்தில் அவருடைய பேச்சைப் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள். இவள் ஆடுவாளா என்று அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் விடுமுறை நாள் பிற்பகலில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். படிக்க ஆள் வருவதில்லை, ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலாவது வருவார்களா என்று நூலகர் அம்மாள் நினைத்திருக்கிறார். சிறப்புப் பேச்சாளர் எட்டரை. தலைப்பு, வேறென்ன, அவருக்குப் பிடித்த பத்து ஆட்டங்கள். டிவியில் ஆடுவதும் கையில் வைத்து ஆடுவதும் கலந்து. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. டிவி ஒன்றும், அதில் ஆட்டம் ஓட்ட மாப்பிள்ளை வீட்டு கன்சோலும் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். நானும் தங்கையும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

மாப்பிள்ளை அன்று நன்றாகவே பேசினார். பேச்சில் குறை சொல்ல முடியாது. பட்டியலில் நாலாவதாக ஓர் ஆட்டத்தைச் சொன்னார். ஓர் அக்கா, தூங்கும் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு, இடிந்துபோன ஊர்கள் வழியாக மலையைத் தாண்டிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. "படம் வரைஞ்ச கை அற்புதம், இசை அற்புதம். என்னோட தாழ்மையான கருத்து, ஒரே குறை அந்தத் தம்பி. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் வெறும் மூட்டை. ஒரு மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் போற கதையில நமக்கு எப்படி மனசு ஒட்டும்? முடிவும் அவசரகதியில முடிச்சிருக்காங்க. அதனால எட்டு."

பக்கத்தில் தங்கை லேசாகச் செருமினாள். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதய ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருக்கிறார், வெளியூரிலிருந்து மகன் ஒரு கன்சோல் அனுப்பியிருக்கிறான், எட்டரையின் பேச்சைக் கேட்டுத்தான் அந்த அக்கா-தம்பி ஆட்டத்தை ஆரம்பித்தாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, கடைசியில ஒரு பாலம் வருதே, நடுவுல உடைஞ்ச பாலம். எவ்வளவு குதிச்சாலும் பையன் நழுவி விழுந்துடறான், அவனோட அந்தப் பொண்ணும் விழுந்துடறா. எப்படித் தாண்டுறது?"

மாப்பிள்ளை மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அது அவர் ஆழமாகப் பேசப்போவதன் அடையாளம்.

"அருமையான கேள்வி. அந்தப் பாலத்தை நாம வெறும் பாலமாப் பார்க்கக்கூடாது. அது இழப்போட குறியீடு."

"இருக்கட்டுங்க. எந்த பட்டனை அமுக்கணும்?"

"அதை நான் சொல்லிட்டா சுவாரசியம் போயிடும். அவங்கவங்க அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கணும்."

"சுவாரசியம் போயி ரொம்ப நாளாச்சு தம்பி. தினமும் விழுந்துக்கிட்டிருக்கேன்."

ஐயா, தம்பியாக இறங்கிவிட்டதை நான் கவனித்தேன். மாப்பிள்ளையும் கவனித்திருப்பார். நூலகர் அம்மாள் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்: "இங்கதான் மெஷின் இருக்கே. சாரே ஒருதரம் ஆடிக் காட்டட்டும்."

கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார்கள். டிவியில் பாலம் வந்தது. அக்கா ஓடினாள், குதித்தாள், தம்பி நழுவினான், இருவரும் விழுந்தார்கள். "இங்க வேணும்னே விழுந்து காட்டினேன்" என்றார் மாப்பிள்ளை. மறுபடி விழுந்தார்கள். "கவனிச்சீங்களா, விழும்போது இசை மாறுது." மறுபடி விழுந்தார்கள். "இந்த கன்ட்ரோலர்ல பட்டன் கொஞ்சம் தாமதமா வேலை செய்யுது." மறுபடி. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவருடைய பின்கழுத்து சிவந்துபோயிருந்ததைக் கடைசி வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்தப் பந்தயத்தில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா?

"குனிஞ்சுட்டுக் குதிக்கணும்."

குரல் என் பக்கத்திலிருந்து வந்தது. தங்கை எழுந்து நின்றிருந்தாள். முகம் பெரியவர் பக்கம் திரும்பியிருந்தது.

"ஓடிவந்து குதிச்சா அவன் நழுவத்தான் செய்வான். விளிம்புல நின்னு குனியுங்க. அவன் தூக்கத்துலேயே கழுத்தைக் கட்டிக்குவான். கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் குதிங்க."

பெரியவர் காற்றில் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தார். "அட. இது எனக்குத் தோணலையே. வீட்டுல என் ஆட்டம் அங்கதான் நிக்குது. போனதும் பார்த்துடறேன்."

நூலகர் அம்மாள் வியந்துபோனார். "நீங்க முழுசா முடிச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. வேலைக்குப் போற பஸ்ல ஆடுவேன்."

பிறகு தெரிந்தது. 'திரை மங்கல், ஐந்தே முக்கால்' என்று மாப்பிள்ளை ஒதுக்கிப் போட்ட டிவி ஆட்டங்களும் ஓடக்கூடிய பழைய கையடக்க மெஷின் ஒன்றை அவள் இழுப்பறையிலிருந்து எடுத்து, கைப்பையில் மாத்திரை டப்பாவோடு வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் ஆடி, வீட்டிலிருந்த ஆட்டங்களில் பாதிக்குமேல் முடித்திருந்தாள்.

"அப்ப உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது...?" என்று இழுத்தார், அவள் யார் மனைவி என்று தெரிந்த நூலகர்.

மொத்தக் கூட்டமும் மாப்பிள்ளையைப் பார்த்தது. அவர் கன்ட்ரோலரைப் பார்த்தார். தங்கை அவரைப் பார்த்தாள்.

"அவர்தான்" என்றாள்.

கூட்டம் கைதட்டியது. பாவி மனிதர், அந்தக் கைதட்டலைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அதோடு விட்டாரா? "சில நேரம் ஒதுங்கி நின்னு மத்தவங்களைப் பேசவிடணும்" என்று மைக்கில் வேறு சொன்னார்.

வீட்டுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். பாதி வழியில் அவர் ஆரம்பித்தார்.

"நீ சொன்னது சரிதான். ஆனா இவ்வளவு பட்டவர்த்தனமாச் சொல்லியிருக்க வேண்டாம். கேக்கறவங்களுக்குக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் போயிடும்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தி அவரை இறக்கிவிடலாமா என்று யோசித்தேன். தங்கை பின்சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரிங்க" என்றாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

"பாலத்துக்கு அப்புறம் என்ன வருது?" என்று கேட்டார். குரல் பேச்சாளர் குரலாக இல்லை.

"நீங்கதான் சொன்னீங்களே, அவன் மூட்டைன்னு."

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

அடுத்த வாரம், மூக்கை அழுத்துகிற என் கண்ணாடியைச் சரிசெய்ய அவர் கடைக்குப் போயிருந்தேன். பரிசோதனை அறையில் ஆள் இருந்ததால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். உள்ளே அந்தப் பஸ் ஓட்டுநரின் குரல்.

"தம்பி, தாண்டிட்டேன்."

"எதைங்க?"

"பாலத்தை. வீட்டம்மா சொன்ன மாதிரியே குனிஞ்சேன், பையன் கழுத்தைக் கட்டிக்கிட்டான், குதிச்சேன். அதுக்கப்புறம் வந்தது பாருங்க, எனக்குக் கையே ஓடல. கன்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். வீட்டுல சொன்னேன், யாருக்கும் புரியல. மகன்கிட்ட போன்ல சொன்னேன், 'சரிப்பா, மாத்திரை சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறான். உங்ககிட்ட பேசணும்னுதான் கண்ணைக் காட்டற சாக்குல வந்திருக்கேன்."

லென்ஸ் செருகும் சின்னச் சத்தம் கேட்டது.

"இது தெளிவா இருக்குதுங்களா?"

"தெளிவாத்தான் இருக்கு. சொல்லுங்க, அந்த இடத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

நான் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த எட்டரை இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்லக்கூடியவர். முடிவைப் பார்க்காமல் முடிவைப் பற்றிப் பேசுவது அவருக்குப் புதிதா? லென்ஸைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் இன்னும் பார்க்கலீங்க."

"எதை?"

"கடைசியை. அந்தப் பாலத்தை நான் தாண்டினதே இல்ல. அன்னிக்கு அவ சொன்னது, என் மானத்தைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னது."

பெரியவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நியாயமும் இருந்தது. மாப்பிள்ளை பேச்சை நம்பித்தானே அத்தனை நாள் அந்தப் பாலத்தில் விழுந்துகொண்டிருந்தார்? கனத்த சோதனைக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கொடுத்து வெச்சவர் தம்பி நீங்க" என்றார். "இனிமேதானே பார்க்கப்போறீங்க. எனக்கு முடிஞ்சுபோச்சு."

வெளியே வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. என் கண்ணாடியை வாங்கி, மூக்குப்பட்டையை வளைத்துச் சரிசெய்து, திருப்பிக் கொடுத்தார். பிறகு முதலாளியிடம் போய் அரைநாள் விடுப்பு கேட்டார். காரணம் கேட்டதற்கு, கண்வலி என்றார். கண்ணாடிக் கடையில்.

மிச்சம் தங்கை சொல்லி எனக்குத் தெரிந்தது.

மத்தியான வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, நிறவிளக்கு எரியவில்லை, கேமராவின்மேல் துணி கிடந்தது, மின்விசிறி முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து பாலத்தில் விழுந்துகொண்டிருந்தார். விளிம்புவரை போவார், அவசரப்படுவார், குனிவதற்குள் குதித்துவிடுவார். இவள் கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த பட்டன் இருக்கே, இதோட அமைப்பே..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடிக்கிட்டுக் குனிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு குனிந்தார். டிவியில் சின்னக் கைகள் இரண்டு அக்காவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. குதித்தார். அக்கரையில் கால் பட்டது.

அங்கே அக்கா அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டனை அமுக்கினார். அவள் அசையவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று எழப்போனார்.

"அவளால இனிமே சுமக்க முடியாது. மறுபடி அமுக்குங்க."

அமுக்கினார். முதுகிலிருந்து தம்பி இறங்கினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தான். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினான். இப்போது பட்டனை அமுக்கியபோது நடந்தவன் அவன்தான். இதுவரை அக்காவாக இருந்த மாப்பிள்ளை, நிறைந்த கூட்டத்தில் தான் மூட்டை என்று சொன்ன அந்தப் பையனாக ஆகியிருந்தார். அக்கா நொண்டிக்கொண்டு பின்னால் வந்தாள். வேகமாகப் போனால் அவள் பின்தங்கிவிடுவாள்; போகலாம், ஆட்டம் தடுக்காது, அதற்குப் புள்ளி எதுவும் குறையாது. அவர் வேகமாகப் போகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பையனை நிறுத்தி, அவள் வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு நடத்தினாராம். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில் விளக்கு தெரிந்தது. ஆட்டம் முடிந்தது. செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. அவர் ஒவ்வொரு பெயரையும் படித்தார்.

என் தங்கைக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு. "எத்தனை மார்க்?" என்று கேட்டிருக்கிறாள்.

"கொஞ்சம் சும்மா இரு" என்றாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த இனத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரமே கேமராவின்மேல் கிடந்த துணி விலகியது. நான் சொன்னது தப்பு, முடிவைப் பார்க்காமல் பேசிவிட்டேன் என்று நேர்மையாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு, ஒரு படைப்பின் முன் மௌனமாக இருப்பது எப்படி என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதை முன்னெப்போதையும்விட அதிகம்பேர் பார்த்தார்கள். பஸ் ஓட்டுநர் முழுவதையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து, "நல்ல மனுஷன், முதல் ஸ்டாப்பிங்லேயே நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். போன விடுமுறை நாளில் தங்கையின் பக்கத்துவீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, அங்கே புருஷன் பெண்டாட்டி சண்டை பலமாக இருக்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்றார். பதறிக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியிலேயே கேட்டது. "என்னை இடிச்சுட்டுப் போறியே, இது நியாயமா?" "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க." "இரு, இரு, நிறுத்து." "நிறுத்தமாட்டேன்." ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு கன்ட்ரோலர்கள், ஒரே சோபா. கார்ப் பந்தயம். கேமரா எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை. மாப்பிள்ளை படுதோல்வியில் இருந்தார், அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பந்தயங்களைப் பற்றி இன்றுவரை அவர் எங்கும், யாரிடமும் பேசியதில்லை.

நல்லது, இந்த இனம் நம் வீட்டில் இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது. உங்களிடம் கன்சோல்கூட இருக்காது. ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். இன்றைக்கு வீட்டில் யாராவது காபி கொடுத்து, எப்படி இருக்கு என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். முடிந்ததா? சந்தோஷம். முடியவில்லை என்றால் பரவாயில்லை, உங்களுக்கும் ஓர் அலமாரியும் நிறவிளக்கும் மட்டும்தான் பாக்கி. அதுசரி, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தானே சொன்னீர்கள்?